அத்தியாயம் 14: எல்லாக் கண்ணாடியிலும் ஒரே புள்ளி

போன வாரம் நாம் அந்த வீட்டை விட்டு வந்தபோது, கண்ணாடிக்காரர் ஹாலில் இருந்த ஆளுயரக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் என்று மகன் கேட்டதற்கு, "ரசம் சாகுதுடா" என்று மட்டும் சொன்னார்.

கண்ணாடியின் முதுகில் பூசியிருக்கும் வெள்ளிப் பூச்சுக்குத் தொழிலில் ரசம் என்று பேர். ஈரம் ஏறினால் அது கறுத்துப் புள்ளி விழும். எந்தக் கடையிலும் நடப்பதுதான். ஆனால் இங்கே நடந்தது வேறு. வீட்டிலிருந்த ஒவ்வொரு கண்ணாடியிலும், ஒரே இடத்தில், ஒரே அளவில், கண்ணாடிக்காரருக்கு ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. மற்றவர்கள் பார்த்தால் ஒன்றும் இல்லை.

அதனால் இன்று காலை அந்த வீட்டில் முகம் பார்க்க வழியில்லை. குளியலறைக் கண்ணாடியைக்கூடக் கழற்றித் திருப்பிச் சாத்தியிருந்தது. எல்லாம் பச்சை முதுகைக் காட்டிக்கொண்டு, ஏதோ கோபத்தில் பேசாமல் திரும்பி நிற்கிற ஆட்களைப்போல நின்றன.

மருமகள் விரலால் தடவிப் பார்த்தே வகிடு எடுத்துக்கொண்டாள்.

முக்கியமான நாள் இது. மாமனாரின் வலது காலை டாக்டரம்மா பார்க்கப்போகிற நாள். சர்க்கரையால் அவருக்கு இரண்டு பாதங்களும் மரத்துப்போய் வெகுகாலம் ஆகிறது. வலது பாதத்தில் வந்த புண், எதைப் போட்டாலும் மூடவில்லை. கடைசி முயற்சி என்று சொல்லித்தான் டாக்டரம்மா புண்மேல் ஒட்டுகிற அந்த ஜெல் தகட்டைக் கொடுத்தார். இன்றைக்குப் புண் மூடியிருந்தால், பாதத்தில் பாரம் விழாமலிருக்க மாட்டிய பூட்ஸைக் கழற்றலாம். மூடாவிட்டால் முன்பாதத்தை எடுத்துவிட வேண்டியதுதான்.

"மாமா, காலைக் குடுங்க."

கண்ணாடிக்காரர் நாற்காலியில் சாய்ந்து வலது காலை முக்காலியில் நீட்டினார். மருமகள் கட்டைப் பிரித்தாள்.

ஜெல் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. முக்கால்வாசி தண்ணீர்தான் அது. கையில் எடுத்தால் குளிர்ந்து வழுக்கும். புண்ணைக் காயவிடாமல், ஊறவும் விடாமல், அளவான ஈரத்தில் வைத்திருக்கும். அதன் வழியாகப் பார்த்தால் புண், தண்ணீருக்கடியில் கிடக்கிற ரோஜா நிறக் கூழாங்கல்போலத் தெரியும். ஆரம்பத்தில் அவளுக்கு அது பயமாக இருந்தது. யாரோ கீழேயிருந்து மேலே பார்ப்பதுபோல் இருக்கும். இப்போது பழகிவிட்டது.

"கலர் மாறியிருக்கா பாரும்மா."

"இல்ல மாமா. பளிங்கு மாதிரி இருக்கு."

கிருமி ஏறினால் அந்தத் தகடு ஊதா நிறத்துக்கு மாறும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். ஒருநாளும் மாறியதில்லை.

"அப்ப இந்த வாடை எங்கேர்ந்து வருது?"

சில நாளாகவே வீட்டில் ஒரு நாற்றம். லேசாக, இனிப்பும் அழுகலும் கலந்தாற்போல. ஜன்னலைத் திறந்தால் போய்விடும். மூடினால் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் ஜெல்லை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். ஒன்றுமில்லை. பாதத்தை முகர்ந்தாள். மருந்துத் தண்ணீர் வாசம் மட்டும்.

"எலி செத்திருக்கும் மாமா."

"எலி ஒரே எடத்துல நாறும். இது நான் போற எடத்துக்கெல்லாம் வருது."

"நீங்க எங்க போறீங்க? நாற்காலியிலேர்ந்து கட்டிலுக்கு, கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு."

"அதைத்தான் சொல்றேன். ரெண்டு எடத்துக்கும் வருது."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

புதுத் தகட்டை அவரே வெட்டினார். அதில் மட்டும் யாரையும் விடமாட்டார். கத்தரியைப் பிடித்தால் கை நடுங்காது. மூலைகளை வளைத்து வெட்டுவார். "கூர் மூலைதான் முதல்ல தூக்கும். கண்ணாடியும் அப்படித்தான், இதுவும் அப்படித்தான்" என்பார். மருமகள் அதை வைத்து, மேலே கட்டுப் போட்டு, பூட்ஸை மாட்டினாள்.

"இடது காலையும் ஒரு தடவை பாத்துடவா மாமா?"

"வேணாம்."

"சும்மா ஒரு பார்வை..."

"ஒரு காலைக் குடுத்ததே எனக்குக் கூச்சமா இருக்கும்மா. அதை நானே பாத்துக்கறேன்னு டாக்டரம்மாகிட்டயும் சொல்லியாச்சு."

இதுவும் எப்போதும் நடக்கிற பேச்சுதான். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துத் தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. கண்ணாடிக் கடைக்காரருக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்ன. வீட்டில் இல்லாத கண்ணாடியா. கண்ணில் புரை விழுந்து எல்லாம் மங்கலாகத் தெரிந்தாலும், இடது காலை அவரேதான் பார்த்துக்கொண்டார்.

வாசலில் மணி அடித்தது.

சின்னவள் வந்திருந்தாள். கண்ணாடிக்காரரின் மகள். பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வா வா. சொல்லியிருந்தா அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பாரே" என்றாள் மருமகள்.

"அப்பாவைப் பாக்க முன்பதிவு பண்ணணுமா அண்ணி? உங்க ஆபீஸ் மாதிரி, ஒன்றை அழுத்தவும், ரெண்டை அழுத்தவும்னு?"

மருமகளுக்கு வீட்டிலிருந்தபடியே போனில் வாடிக்கையாளர் புகார் கேட்கிற வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறைக்கதவைச் சாத்தினால், வெளியே இடி விழுந்தாலும் அவளுக்குத் தெரியாது. நாத்தனாருக்கு அதில் எப்போதும் ஒரு கேலி.

"உள்ள வா. காத்திருந்தமைக்கு நன்றி" என்றாள் மருமகள், ஆபீஸ் குரலில்.

சின்னவள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஆனால் ஹாலுக்குள் இரண்டடி வைத்ததும் சிரிப்பு போய்விட்டது.

"என்ன அண்ணி இது? எல்லாத்தையும் ஏன் திருப்பி வெச்சிருக்கீங்க?"

"உங்கப்பாவைக் கேளு."

"என்ன நாத்தம் இது?"

"அதையும் அவரைக் கேளு."

கண்ணாடிக்காரர் மகளை ஏற இறங்கப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இளைச்சுட்டே" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

சின்னவள் மருமகளைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"உண்மையைச் சொல்லுங்க அண்ணி. கட்டு தினமும் மாத்தறீங்களா?"

"மாத்தாம?"

"இல்ல, நீங்க பாட்டுக்கு ஹெட்போன் மாட்டிட்டு..."

"போட்டோ இருக்கு, பாக்கறியா? ஒவ்வொரு நாளும் எடுத்து நர்சுக்கு அனுப்பியிருக்கேன். உன் புருஷன் போட்டோகூட உன் போன்ல இத்தனை இருக்காது."

சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மருமகள் போனை நீட்டினாள். புண் நாளுக்கு நாள் சுருங்கி வந்தது நன்றாகவே தெரிந்தது. சிவப்பு, ரோஜா, ஓரங்களில் புதுத் தோல். மேலே எப்போதும் அந்தத் தெளிந்த தகடு.

"அப்புறம் ஏன் அண்ணி நாறுது?"

"அதான் எனக்கும் புரியல."

இருவரும் சேர்ந்து எலியைத் தேடினார்கள். அலமாரிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், குப்பைக் கூடையில். திருப்பி வைத்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார்கள். எலி இல்லை. சின்னவள் ஆளுயரக் கண்ணாடியை நகர்த்தியபோது சுவருக்கும் அதற்கும் நடுவில் தன் முகம் திடீரென்று, மிக அருகில், இருட்டில் தெரிய, "ஐயோ" என்று கையை எடுத்துவிட்டாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. நான்தான்."

கண்ணாடிக்காரர் நாற்காலியிலிருந்தே பேசினார். "எறும்பு எங்க போகுதுன்னு பாருங்க."

அப்போதுதான் இருவரும் கவனித்தார்கள். ஜன்னலோரத்திலிருந்து மெல்லிய கோடாக எறும்புகள் வந்துகொண்டிருந்தன. தரையைக் கடந்து, சமையலறைப் பக்கம் திரும்பாமல், நேராக நாற்காலிக்கு.

"சர்க்கரைக்காரன் வீட்டு எறும்புக்குக் கூட நாக்கு நீளம்" என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை.

மருமகளின் கணவன், மூத்தவன், கடையிலிருந்து வந்தான். கையில் அட்டை சுற்றிய ஒரு புதுக் கண்ணாடி.

"இந்தாப்பா. நேத்து வந்த பெட்டி. நான்தான் பிரிச்சேன். இதுல எந்த ஈரமும் ஏறல. இதுலயும் புள்ளி தெரியுதுன்னா கண் டாக்டரைப் பாக்கணும், இல்லன்னா..." முடிக்கவில்லை.

"இல்லன்னா மூளை டாக்டரை. சொல்லுடா."

"நான் அப்படிச் சொல்லலப்பா."

"சொல்றதுக்குத்தான் வாயைத் திறந்தே."

மூத்தவன் அட்டையைப் பிரித்தான். கண்ணாடியைத் தரையில் நாற்காலிக்கு முன்னால் சாய்த்து வைத்தான். வெளிச்சம் கூரையில் ஒரு சதுரமாகப் போய் ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக்காரர் அதன் ஓரத்தை விரலால் தட்டினார். சுண்டிப் பார்த்தார். முதுகைத் திருப்பிப் பார்த்தார். பச்சைப் பூச்சில் ஒரு கீறல் இல்லை.

"நல்ல சரக்கு" என்றார்.

மீண்டும் சாய்த்து வைத்து, இடது காலிலிருந்த காலுறையை மெல்ல உருவினார். எல்லோரும் பார்க்கிறார்களே என்று ஒரு நொடி தயங்கினார். பிறகு, தினமும் செய்வதுபோல, பாதத்தைக் கண்ணாடிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார்.

பாதத்தை இறக்காமலே மகனைப் பார்த்தார்.

"இதுலயும் வந்துடுச்சு."

"அப்பா..."

"பெட்டியிலேர்ந்து வந்த கண்ணாடிடா! வெயில்கூடப் படல. இதுலயும் அதே எடத்துல. என்னைத் தேடிக்கிட்டு வருதுடா. நான் எந்தக் கண்ணாடியைத் தொட்டாலும் அதுக்குள்ள வந்துடுது."

மூத்தவன் குனிந்து பார்த்தான். அவன் நின்ற இடத்திலிருந்து கூரையும் விசிறியும்தான் தெரிந்தன. "ஒண்ணுமில்லப்பா. சுத்தமா இருக்கு."

"உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. திருப்பி வை. சுவத்துப் பக்கம் திருப்பி வை."

சின்னவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தான். அப்பாவுக்குப் புத்தி போய்விட்டது என்பதை இருவரும் பேசாமலே பேசிக்கொண்டார்கள்.

மருமகள் மட்டும் அசையாமல் இருந்தாள். அவள் நாற்காலிக்குப் பின்னால், மாமனாரின் தோளருகே நின்றிருந்தாள். அவர் கண்ணுக்குத் தெரிவது கிட்டத்தட்ட அவள் கண்ணுக்கும் தெரிகிற இடம் அது. இத்தனை நாளில் அந்த இடத்தில் ஒருமுறைகூட அவள் நின்றதில்லை. அவள் கவனிக்கிற கால் வலது கால். அது முக்காலியில் இருக்கும். அவள் எதிரே உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்கும் புள்ளி தெரிந்தது.

மிளகு அளவு அல்ல. கட்டைவிரல் நகம் அளவு. கறுப்பு. ஓரம் மட்டும் ஈரமாகப் பளபளத்தது.

"மாமா" என்றாள். குரல் அவளுடையதுபோல இல்லை. "காலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகத்துங்க."

"எதுக்கு?"

"நகத்துங்க மாமா."

அவர் பாதத்தை ஒரு சாண் நகர்த்தினார்.

கண்ணாடி நின்ற இடத்திலேயே நின்றது. புள்ளி நகர்ந்தது.

எறும்புகள் தரையில் பாதத்தைக் காணாமல் வட்டமடித்துக்கொண்டிருந்தன.

கண்ணாடிக்காரர் காலை மறுபடி அந்தப் பக்கம் கொண்டுபோனார். புள்ளியும் போனது. இந்தப் பக்கம் கொண்டுவந்தார். வந்தது. ஒன்றில் புள்ளி கண்டதும் அடுத்த கண்ணாடியைத் தரையில் வைத்து, அதிலும் இதே காலைத்தான் பார்த்திருக்கிறார். வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியில் குறை கண்டுபிடித்தே பிழைத்த மனிதர். குறை என்று கண்ணில் பட்டதும் அது கண்ணாடியில்தான் இருக்கும் என்று அவருக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

"அப்ப அத்தனையும் நல்ல கண்ணாடிங்களா?" என்றார், மிகச் சின்னக் குரலில்.

மருமகள் கூச்சம் எதுவும் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து, அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். நாற்றம் அங்கேதான் இருந்தது. வீட்டின் நாற்றம் மொத்தமும் அந்த நகமளவு கறுப்பிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"ஆட்டோவைக் கூப்பிடுங்க" என்றாள் கணவனிடம். "சீக்கிரம்."

"மதியம்தானே வரச் சொன்னாங்க..."

"இப்பவே கூப்பிடுங்கன்னேன்!"

கிளினிக்கில் மேலே ஒரு டியூப்லைட் விட்டுவிட்டு எரிந்தது. டாக்டரம்மா முதலில் வலது காலைத்தான் பார்த்தார். மருமகள் இடது காலைப் பற்றிச் சொல்லச் சொல்ல, "வரேன், வரேன், அதுக்குத்தான் வரேன்" என்றபடி ஜெல் தகட்டின் ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தார்.

தகடு எந்தப் பிடியும் இல்லாமல் வந்தது. அடியில் புண் இல்லை. மெல்லிய, பளபளப்பான, பிறந்த குழந்தையின் உதடுபோல ஒரு தோல்.

"மூடிடுச்சு" என்றார் டாக்டரம்மா. "அழகா மூடிடுச்சு ஐயா."

இந்த ஒரு வார்த்தைக்காக அந்த வீடு எவ்வளவு காத்திருந்தது என்று தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் மருமகளின் கண் இடது காலிலேயே இருந்தது.

"ஜெல் தெளிவா இருந்துச்சு டாக்டர். அதான் வேற எங்கேயும் பாக்கத் தோணல" என்றாள். "அது தெளிவா இருக்குன்னு நாங்களும் தைரியமா இருந்துட்டோம்."

"ஜெல்லுக்கு அது ஒட்டியிருக்கிற எடம் மட்டும்தான்மா தெரியும். வலது கால்ல பாரம் போடக்கூடாதுன்னு சொன்னோம். அந்தப் பாரம் மொத்தமும் இடது கால் மேல எறங்கியிருக்கு. இது அடிக்கடி நடக்கிறதுதான். முன்னாடியே நான் நேர்ல பாத்திருக்கணும். ஐயா பாத்துக்கறேன்னதும் விட்டுட்டேன்."

டாக்டரம்மா பேனா போன்ற ஒரு கருவியைப் பாதத்தின் மேல் வைத்தார். அதோடு இணைத்த சின்னப் பெட்டியில் வெறும் இரைச்சல் கேட்டது. நகர்த்தினார். இரைச்சல். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். இரைச்சல்தான்.

சின்னவள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு, எங்கோ தூரத்தில் யாரோ துணி துவைப்பதுபோல, புஸ்... புஸ்... புஸ்... என்று வந்தது.

"அதென்ன சத்தம்?" என்றார் கண்ணாடிக்காரர்.

"உங்க ரத்தம்தான் ஐயா. கால் வரைக்கும் வருது. அது வரலன்னா என்கிட்ட எந்த வைத்தியமும் இல்ல."

அவர் தலையைச் சாய்த்துத் தன் சத்தத்தைத் தானே கேட்டார். முகத்தில் வெட்கம்போல ஏதோ ஓடியது.

டாக்டரம்மா மெல்லிய கம்பியால் கறுப்பின் ஓரத்தில் ஆழம் பார்த்தார். உள்ளே போனது. எங்கோ போய் 'டிக்' என்று முட்டியது.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"எலும்பா டாக்டர்?" என்றான் மூத்தவன். எலும்பைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்று போன மாதம் வலது காலுக்குச் சொல்லியிருந்தது அவன் நினைவில் இருந்தது. விரலை எடுப்பார்கள். அங்கே நிற்காவிட்டால் பாதத்தை.

"பொறுங்க."

மறுபடியும் முட்டினார். டிக். கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு வலி இல்லை. ஆனால் அந்தச் சத்தம் அவருக்குத் தெரிந்த சத்தம்.

"எலும்பு இல்ல டாக்டரம்மா" என்றார்.

டாக்டரம்மா கறுத்த தோலின் ஓரத்தைக் கத்தியால் விலக்கி, இடுக்கியை உள்ளே விட்டு இழுத்தார். சீழோடு ஏதோ வந்தது. நர்ஸ் அதை மருந்துத் தண்ணீரில் அலசி எஃகுத் தட்டில் போட்டார். டியூப்லைட் விட்டுவிட்டு எரிய, தட்டில் அதுவும் விட்டுவிட்டு மின்னியது.

ஒரு கண்ணாடிச் சில்லு.

"கண்ணாடிக் கடைக்காரர் கால்ல கண்ணாடி. நல்ல பொருத்தம் போங்க" என்றார் நர்ஸ், எல்லோரையும் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "எக்ஸ்ரே எடுத்துடலாம். ஆனா கம்பி எலும்பைத் தொடல. மாத்திரை இன்னிக்கே ஆரம்பிக்கணும். இப்ப எடுக்க முடிஞ்ச கறுப்பை எடுத்துட்டேன். ஆழத்துல ஒட்டிக்கிட்டிருக்கிறதைக் கத்தியால தோண்ட வேணாம்னு பாக்கறேன். வெள்ளி கலந்த ஜெல் இருக்கு. கிருமியையும் பாத்துக்கும், ஈரத்துல ஊறி ஊறி மிச்சக் கறுப்பும் தானா கழண்டு வரும். அது கழண்டாத்தான் அடியில என்ன இருக்குன்னு தெரியும். காய்ச்சலோ, சிவப்பு மேல ஏறினாலோ ஒரு நிமிஷம் நிக்காம இங்க வந்துடணும்."

"வெள்ளியா?" என்றார் கண்ணாடிக்காரர். "கண்ணாடி முதுகுல பூசறதை என் கால்ல பூசப்போறீங்க. முகம் தெரியுமா?"

"நல்ல சதை வந்தா, எனக்கு அதுவே போதும் ஐயா."

நர்ஸ் குழாயிலிருந்து ஜெல்லைப் புண்ணுக்குள் நிரப்பினார். கறுப்பு அதனடியில் மெல்ல மங்கி, ஆழத்தில் போய் உட்கார்ந்துகொண்டதுபோல் இருந்தது.

"அந்தச் சில்லைக் குப்பையில போட்டுடுங்க சிஸ்டர்" என்றார் கண்ணாடிக்காரர்.

மருமகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். எந்தக் கண்ணாடித் துண்டு கிடைத்தாலும் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, எத்தனை வருடச் சரக்கு என்று சொல்லாமல் விடாதவர் அவர். இதைக் கையில்கூட வாங்கவில்லை.

சின்னவள் தட்டின் பக்கம் குனிந்திருந்தாள். விரல் நுனியால் சில்லைத் திருப்பினாள். அதன் முதுகு பச்சையாக இல்லை. செங்கல் நிறத்தில் இருந்தது.

கடையில் இருப்பது எல்லாம் பச்சை முதுகுக் கண்ணாடிதான். செங்கல் நிறப் பூச்சுச் சரக்கு வருவது நின்று எத்தனையோ காலம். அதில் கடைசித் தகட்டை மட்டும் கண்ணாடிக்காரர் யாருக்கும் விற்காமல் பத்திரப்படுத்தி, ஓரம் சாய்த்துத் தேய்த்து, மகள் கல்யாணத்துக்கு ஒரு நிலைக்கண்ணாடி செய்து கொடுத்தார். அது சின்னவளின் படுக்கையறையில் இருக்கிறது. அப்படித்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவை போனில் பேசும்போதும் அவர், "கண்ணாடி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பார். "நல்லா இருக்குப்பா" என்பாள் அவள்.

கொஞ்ச காலமாக அவர் அதைக் கேட்பதில்லை என்பது சின்னவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

அவள் நிமிர்ந்தாள். முகத்தில் ரத்தமில்லை.

"எப்பப்பா வந்தீங்க?"

மூத்தவனுக்குப் புரியவில்லை. "எங்க வந்தாரு? யாரு?"

"அப்பா. எங்க வீட்டுக்கு எப்ப வந்தீங்க?"

கண்ணாடிக்காரர் கூரையைப் பார்த்தார்.

"உங்கண்ணி போன் வேலையில இருந்தா. உன்னைப் பாக்கணும்போல இருந்துச்சு, பஸ் ஏறிட்டேன்" என்றார். "வலது கால்ல இந்தப் பூட்ஸ். இடது காலுக்குச் செருப்பு. வாசல்ல செருப்பைக் கழட்டினேன். மணி அடிச்சேன், யாரும் வரல. கதவு திறந்துதான் இருந்துச்சு."

"உள்ள வந்தீங்களா?"

"தரையெல்லாம் கண்ணாடி. கால்ல குத்தினா எனக்கு எங்க தெரியுது."

"அப்பா..."

"உன்னைக் கூப்பிட்டேன். பின் ரூம் கதவு சாத்தியிருந்துச்சு. உள்ள நீ அழற சத்தம் கேட்டுச்சு. கதவுக்கு வெளியில, உடைஞ்ச கண்ணாடிக்கு நடுவுல, உன் புருஷன் நாற்காலி போட்டு உக்காந்திருந்தான். என்னைப் பாத்தான். வாயில விரலை வெச்சு, சத்தம் போடாதீங்கன்னு காட்டினான். சிரிச்சுக்கிட்டே."

டியூப்லைட் அணைந்தது. எரிந்தது.

"நான் வந்துட்டேன்மா" என்றார் கண்ணாடிக்காரர். "ஒண்ணும் கேக்காம, திரும்பி வந்துட்டேன்."

சின்னவளின் கை அண்ணியின் கையிலேயே இருந்தது. மருமகளின் விரல்கள் வலிக்கிற அளவுக்கு அவள் இறுக்கிக்கொண்டிருந்தாள்.

மூத்தவன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "நான் போறேன். இப்பவே போறேன்."

"உக்காருடா" என்றார் அப்பா. அவ்வளவு உரத்த குரலில் அவர் பேசி ரொம்ப காலம் ஆகியிருந்தது. மூத்தவன் உட்கார்ந்தான்.

கண்ணாடிக்காரர் நர்ஸ் பக்கம் திரும்பினார். நர்ஸ் இடது காலில் கடைசிச் சுற்றுக் கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், இந்தக் கால் எப்ப நடக்கும்?"

"கறுப்பு கழண்டு வரும்போது பாக்கலாம் ஐயா. இப்பவே என்ன அவசரம்?"

"அங்க இன்னொரு தடவை போகணும்" என்றார் அவர். "இந்தத் தடவை செருப்பைக் கழட்ட மாட்டேன்."